வெள்ளை அங்கிக்குள் வந்தவர்கள் – 17: உட்கார்ந்தபடி ஓர் அறுவை சிகிச்சை

கையில் அறுவை செய்யும் சர்ஜன்கள் பெரும்பாலும் நிற்பதில்லை. நோயாளி படுத்திருப்பார். அவருடைய கை மட்டும் பக்கத்தில் நீட்டிய சிறு மேசைமேல் கிடக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் சர்ஜன், அந்தப் பக்கம் உதவியாளர், இருவருக்கும் ஆளுக்கொரு ஸ்டூல். நரம்பையும் தசைநாணையும் இழை இழையாகப் பிரித்தெடுக்கும் வேலை அது. மணிக்கணக்கில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தால்தான் விரல் நடுங்காமல் இருக்கும். அறுவை அரங்குக்குப் பழகிய எவருக்கும் இது தெரியும். 1950-களில் வேலூரில் ஒருவர் இதை நினைத்துப் பார்த்தார் என்பதுதான் இந்த வாரக் கதையின் தொடக்கம்.

1954 ஜனவரியின் கடைசியில், வேலூர் சி.எம்.சி.யின் இளம் டாக்டர்கள் சிலர் ஒரு விடுமுறை நாளில் வண்டியெடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினார்கள். வழியில் வண்டி கவிழ்ந்தது. எல்லோரையும்விட மோசமாக அடிபட்டவர் மேரி வர்கீஸ். கேரளத்தின் செராயிக்காரர், வேலூரிலேயே படித்தவர், மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற எண்ணத்தில் இருந்தவர். முகம் கிழிந்து கன்ன எலும்பு நொறுங்கியிருந்தது. தண்டுவடம் அடிபட்டதில் இடுப்புக்குக் கீழே எந்த உணர்வும் இல்லாமல் போயிற்று. அப்போது அவருக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது. ஒன்றன்பின் ஒன்றாக அறுவைகள் நடந்தன. முதுகெலும்பை இணைத்துக் கட்டியதெல்லாம் அவரை நிமிர்ந்து உட்கார வைப்பதற்காக. நடப்பது இனி இல்லை என்று தெரிந்துவிட்டது.

அவரைக் கவனித்துவந்த சர்ஜன் பால் பிராண்ட், அந்த நாட்களில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு மறுவாழ்வு தந்துகொண்டிருந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்பதை உலகுக்கு அழுத்திச் சொன்னவர் அவர். நரம்பு செத்துப்போவதால் வலி தெரிவதில்லை. கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தாலும் சுடாது, ஆணி குத்தினாலும் உறைக்காது. அந்தக் காயங்கள்தான் விரல்களைத் தின்கின்றன. நரம்பு பழுதான கையில் விரல்கள் உள்பக்கமாக மடங்கி பறவை நகம்போல் விறைத்துவிடும். அதே கையில் இன்னும் வேலை செய்யும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களுக்கு மாற்றித் தைத்தால் விரல் திறக்கும். மறுபடி சோற்றைப் பிசையலாம், பென்சில் பிடிக்கலாம்.

இந்த அறுவையைத்தான் உட்கார்ந்தபடி செய்கிறோமே என்று பிராண்டுக்குத் தோன்றியிருக்கிறது. மேரியின் கால்கள் போய்விட்டன, கைகள் போகவில்லை. ஸ்டூல் இருக்கும் இடத்தில் சக்கர நாற்காலி இருந்தால் என்ன கெட்டுவிடும்? மேரி தயங்கினார். பிறகு கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் அரங்குக்குள் போய், விறைத்த விரல்களைத் திறந்துவிடும் சர்ஜன் ஆனார்.

அந்த நோயாளிகளை நினைத்துப் பார்க்கிறேன். ஊரும் வீடும் ஒதுக்கியவர்கள். தங்கள் கைகளையே துணிக்குள் மறைத்துக்கொண்டு திரிந்தவர்கள். முகத்தில் தழும்போடு நாற்காலியில் உருண்டு வந்த ஒரு டாக்டர் அந்தக் கையைத் தன் கையில் வாங்கிப் பார்த்தபோது அவர்களுக்குக் கிடைத்தது வெறும் சிகிச்சை மட்டும் என்று நான் நம்பவில்லை. நோயாளிகளில் எத்தனை விதமானவர்கள் உண்டோ அத்தனை விதமானவர்கள் மருத்துவர்களிலும் இருக்க வேண்டும் என்று இந்தத் தொடரில் வாராவாரம் சொல்லிவருகிறேன். அதற்கு நான் காட்டக்கூடிய மிகச் சிறந்த சாட்சி மேரி.

அவர் அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போய், தண்டுவடம் அடிபட்டவர் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் பயிற்சியைப் பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து சி.எம்.சி.யில் அந்தத் துறையைத் தலைமையேற்று வளர்த்தார். 1966-ல் வேலூரில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ வந்தது. தென்னை மரத்திலிருந்து விழுந்தவரும் லாரியில் அடிபட்டவரும் படுத்த படுக்கையாகவே கிடந்து புண் வைத்து இறப்பதுதான் விதி என்றிருந்த காலத்தில், அப்படி இல்லை என்று தன் உடம்பாலேயே காட்டியவர் அவர்.

மும்பையின் சுரேஷ் அத்வானியையும் சொல்லியாக வேண்டும். எட்டு வயதில் போலியோ தாக்கியவர். மருத்துவம் படிக்க விண்ணப்பித்தபோது முதலில் இடம் மறுக்கப்பட்டது. போராடித்தான் உள்ளே போனார். 1983-ல் இந்தியாவின் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை முன்னின்று நடத்தியவர், சக்கர நாற்காலியில் வலம்வந்த இந்தப் புற்றுநோய் மருத்துவர்தான்.

இத்தனையும் நடந்த நாட்டில்தான் 2019-ல் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு ஒரு விதி வந்தது. இரண்டு கைகளும் குறையின்றி இருக்க வேண்டும், அவற்றில் உணர்ச்சியும் போதுமான வலுவும் அசைவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் மருத்துவம் படிக்கத் தகுதி இல்லை. முதன்முறை படித்தபோது எனக்கு மனம் ஆறவே இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயர்கல்வியில் 5 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. அதைப் பெற 40 சதவீதமாவது குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். மருத்துவச் சேர்க்கை விதியோ, உடல் இயக்கக் குறைபாடு 80 சதவீதத்தைத் தாண்டினால் தனியே பரிசீலிக்க வேண்டும் என்றது. ஒரு பிள்ளை 39 என்றால் ஒதுக்கீடு இல்லை, 81 என்றால் படிப்பே சந்தேகம். இந்தச் சதவீதக் கணக்கு எதற்காக வந்தது? உதவித்தொகையும் பஸ் சலுகையும் யார் யாருக்கு என்று முடிவுசெய்யத்தான். ஒருவரால் நாடி பிடிக்க முடியுமா, எக்ஸ்ரே படிக்க முடியுமா, அழுகிற தாயிடம் பொறுமையாகப் பேச முடியுமா என்பதை அந்த எண் சொல்லாது. தண்டுவடம் முழுவதுமாக அடிபட்டவர்களுக்கு அது எளிதில் 80-ஐத் தாண்டிவிடும். அந்த விபத்து மேரிக்குப் பதினேழு வயதில் நடந்திருந்து, அவர் இந்தக் காலத்து நீட் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி என்னை விடவில்லை.

மாற்றம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் தந்தது. முதலாவது, பேச்சுக் குறைபாடுள்ள ஒரு மாணவரின் வழக்கு. சதவீதத்தை மட்டும் காட்டி ஒருவரைத் தள்ளக் கூடாது, அவரால் படிக்க முடியுமா என்று குறைபாட்டை மதிப்பிடும் மருத்துவக் குழு ஆராய வேண்டும் என்றது நீதிமன்றம். இரண்டாவது, தசைநார்ச் சிதைவு கொண்ட, சான்றிதழில் 88 சதவீதம் எழுதப்பட்ட மாணவரின் வழக்கு. அவரை நேரில் சந்தித்து மதிப்பிடும் பொறுப்பை, தாமே போலியோவால் பாதிக்கப்பட்ட டெல்லி மருத்துவர் சத்தேந்திர சிங்கிடம் நீதிமன்றம் ஒப்படைத்தது. அந்த மாணவருக்கு இடம் கிடைத்தது. 2025 பிப்ரவரியில் நீதிபதிகள் கவாய், விஸ்வநாதன் அமர்வு அந்த 'இரண்டு கைகளும்' விதியையே எடுத்துப் பேசியது. அது அரசமைப்புக்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கும் எதிரானது என்றது. அந்த வழக்கில் குழுவின் பெரும்பான்மை, 'முடியாது' என்று காரணம் சொல்லாமல் கைவிரித்திருந்தது. எந்த வேலையை எந்தக் கருவியோடு எப்படிச் செய்யலாம் என்று விளக்கி எழுதியவர் மறுபடியும் சத்தேந்திர சிங்தான்.

"அவசர சிகிச்சையில் நெஞ்சை அழுத்த வேண்டுமே, இவரால் முடியுமா?" இது நியாயமான கேள்விதான். கூட்டங்களில் மூத்த மருத்துவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆனால் நெஞ்சை அழுத்துவது எந்த ஆஸ்பத்திரியிலும் ஒருவர் வேலை இல்லை. ஒருவர் அழுத்துவார், ஒருவர் மூச்சுக் கொடுப்பார், ஒருவர் மருந்தை எடுப்பார், ஒருவர் நேரத்தைப் பார்த்து எல்லோரையும் வழிநடத்துவார். வழிநடத்துகிறவருக்குக் கால் வேண்டியதில்லை, தலை வேண்டும். எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் எல்லோரும் எலும்பு முறிவு சர்ஜனாகப் போவதுமில்லை. நோயியல், மனநலம், கதிரியக்கம், சமுதாய மருத்துவம் என்று எத்தனையோ வழிகள். வேலையில் இருக்கும் அரசு மருத்துவர் ஒருவருக்கு நாளை ஒரு கை போனால் அவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது அதே 2016-ம் ஆண்டுச் சட்டம். உள்ளே இருப்பவருக்குக் காட்டும் கருணையை வாசலில் நிற்கும் பிள்ளைக்கும் காட்டினால் போதும்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. உடற்கூறு வகுப்பில் உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஒரு மேசை. படிப்படியாக ஏறும் விரிவுரை அரங்கில், முன்வரிசையில் நாற்காலி நுழைய ஓர் இடம். விடுதியின் தரைத்தளத்தில் ஓர் அறை, அதற்குள் அகலக் கதவோடு ஒரு கழிப்பறை. காது மந்தமானவர்களுக்கு ஒலியைப் பெருக்கிக் காட்டும் ஸ்டெதஸ்கோப் கடைகளிலேயே கிடைக்கிறது. கழிப்பறைக் கதவு என்று நான் எழுதுவது சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிக்காமல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கேளுங்கள், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வாள்.

இதைப் படிக்கும் பெற்றோர்களுக்கு ஒரு சொல். உங்கள் மகனோ மகளோ இந்த ஆண்டு சான்றிதழோடு மருத்துவக் குழுவின் முன் போகிறார்களா? குழு 'தகுதி இல்லை' என்று சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டியது குழுவின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எழுதிக் கொடுக்கும் தாளில் வெறும் எண் மட்டும் இருந்தால், அந்தத் தாளோடு நீங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். சேர்க்கைக்கான கடைசித் தேதி காத்திருக்காது. அதனால் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.

(அடுத்த வாரம்: தமிழ்வழியில் படித்து, முதல் நாள் வகுப்பில் ஒரு வார்த்தையும் புரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள்)