பிழையும் செய்தியும்: செயற்கைக்கோள்வழி ஓசோன் அளவீட்டில் பவன் கே. பார்தியாவின் பணி

முன்னுரை

வளிமண்டலத் தொலையுணர்வில் கருவி அளப்பது ஒன்று. ஆய்வாளர் அறிய விரும்புவது மற்றொன்று. கருவி ஒளியை அளக்கிறது; ஓசோனின் அளவு அவ்வொளியிலிருந்து கணித்துப் பெறப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவை கணிப்புநெறியும் அளவுத்திருத்தமும் ஆகும். எதிர்பாராத மதிப்பு ஒன்று தோன்றும்போது அது கருவியின் பிழையா, வளிமண்டலம் தரும் செய்தியா என்னும் வினா இவ்விடத்தில்தான் எழுகிறது. அமெரிக்காவின் நாசா கோடார்ட் விண்வெளிப் பறப்பு மையத்தில் நீண்டகாலம் ஓசோன் ஆய்வில் ஈடுபட்ட பவன் கே. பார்தியாவின் பணி வாழ்வை இவ்வினாவின் வழியாக இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. அளவீட்டின் அடிப்படை

1978 அக்டோபர் 24 அன்று ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோள், டாம்ஸ், எஸ்பியுவி என்னும் இரு ஓசோன் கருவிகளைச் சுமந்து சென்றது. சூரியனின் புறஊதாக் கதிர்கள் வளிமண்டலத்தில் சிதறி விண்வெளிக்குத் திரும்புகின்றன. அவற்றுள் குறுகிய அலைநீளமுடையவற்றை ஓசோன் மிகுதியாக உட்கவர்கிறது. சற்று நீண்டவற்றைக் குறைவாகவே உட்கவர்கிறது. இரு அலைநீளங்களில் திரும்பிவரும் ஒளியை ஒப்பிட்டால் இடைப்பட்ட காற்றுத்தம்பத்தின் மொத்த ஓசோனைக் கணிக்கலாம். அது டாப்சன் அலகில் குறிக்கப்படும். டாம்ஸ் கருவி 312 முதல் 380 நானோமீட்டர் வரையிலான ஆறு அலைநீளங்களில் இவ்வொளியை அளந்தது.

2. அண்டார்க்டிக் ஓசோன் துளை: நீக்கப்படாத தரவு

1985 மே மாதம் 'நேச்சர்' இதழில் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய பிரித்தானிய அறிவியலாளர்கள் ஹாலி விரிகுடா நிலையத்தின் தரைவழி அளவீடுகளை வெளியிட்டனர். அங்கு அக்டோபர் மாத ஓசோன், முந்தைய ஆண்டுகளில் இருந்த ஏறத்தாழ 300 டாப்சன் அலகிலிருந்து 200 அலகு அளவுக்குச் சரிந்திருந்தது. செயற்கைக்கோள் இதனைக் கண்டும் நாசாவின் கணினி அம்மதிப்புகளைத் தானாகவே நீக்கிவிட்டது என்னும் கதை அதன்பின் பரவியது. இன்றும் பல நூல்களில் காணப்படுகிறது. நிகழ்ந்தது அதுவன்று.

டாம்ஸ் கணிப்புநெறி 180 டாப்சன் அலகுக்குக் குறைவான மதிப்புகளை நீக்கவில்லை. ஐயத்திற்குரியவை எனக் குறியிட்டு வைத்தது. 1983 அக்டோபர் மாதத் தரவுகளை 1984 ஜூலையில் சரிபார்த்தபோது, அக்குறிகள் அண்டார்க்டிக் பகுதியில் திடீரெனப் பெருகியிருப்பதைக் குழுவினர் கண்டனர். உடனே தரைவழி அளவீட்டுடன் ஒப்பிட்டனர். தென்துருவ நிலையத்தின் அறிக்கையோ அதே காலத்திற்கு ஏறத்தாழ 300 அலகு எனக் காட்டியது. அத்தரைவழி மதிப்பே பிழையானது என்பது பின்னரே தெரியவந்தது. சரியான செயற்கைக்கோள் மதிப்பைத் தவறான சான்று ஒன்று ஐயத்துக்குள்ளாக்கியது.

எனினும் குழுவினர் அதனைக் கைவிடவில்லை. 1983, 1984 அக்டோபர் மாதங்களில் தென்துருவ அடுக்குமண்டலத்தில் காணப்பட்ட அசாதாரணக் குறைவு பற்றி பார்தியாவும் சக ஆய்வாளர்களும் 1985இல் பிராக் நகரில் நடைபெற்ற பன்னாட்டு மாநாட்டில் ஆய்வுரை வழங்கினர். ஹாலி விரிகுடாவில் ஒரு புள்ளியில் அறியப்பட்டது கண்டம் தழுவிய நிகழ்வு என்பதைச் செயற்கைக்கோள் தரவு காட்டியது.

3. எதிர்த்திசைச் சிக்கல்

அடுத்து எழுந்த சிக்கல் இதற்கு நேர்மாறானது. எஸ்பியுவி, டாம்ஸ் தரவுகள் உலகளவில் ஓசோன் விரைந்து குறைவதாகக் காட்டின. இங்கு ஐயுற வேண்டியது கருவியையே. சூரிய ஒளியின் வலிமையை அளக்க, நிம்பஸ்-7இன் இரு கருவிகளும் ஒளியைப் பரப்பும் தகடு ஒன்றைப் பொதுவாகப் பயன்படுத்தின. விண்வெளியில் அத்தகடு மெல்ல மங்கியது. குறுகிய அலைநீளங்களில் அம்மங்கல் மிகுதி. தகடு மங்கினால் சூரிய ஒளி குறைவாகப் பதிவாகும்; அதனால் பூமியிலிருந்து திரும்பும் ஒளி விகிதத்தில் கூடுதலாகத் தோன்றும். விளைவு, ஓசோன் குறைந்ததுபோன்ற போலிப் போக்கு. 1988இல் வெளியான ஓசோன் போக்குகள் குழுவின் அறிக்கை இதனைத் தெளிவுபடுத்தியது. உண்மையான குறைவு இருந்தது. ஆனால் முதலில் கருதப்பட்ட அளவினதன்று. 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையை ஒட்டிய காலத்தில் இவ்வேறுபாடு வெறும் நுட்பச் சிக்கலாக இருக்கவில்லை.

தீர்வு அளவீட்டின் உள்ளிருந்தே பெறப்பட்டது. வெவ்வேறு அலைநீள இணைகளிலிருந்து கணிக்கப்படும் ஓசோன் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஆண்டுகள் செல்லச்செல்ல இணைகளுக்கிடையே முரண் வளர்ந்தால் அது வளிமண்டலத்தின் மாற்றமன்று, தகட்டின் மாற்றம். கோடார்ட் குழுவினர் இம்முறையால் நிம்பஸ்-7 தரவைத் திருத்தினர். அளவுத்திருத்தத்தில் பார்தியாவின் ஈடுபாடு தொடர்ந்தது. லாங்லி வரைவு முறையை எஸ்பியுவி கருவிக்குப் பொருத்திக்காட்டும் கட்டுரையை அவரும் சக ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்டனர்.

4. எச்சம் தரவாதல்

மூன்றாவது நிலை, பிழையெனக் கழிக்கப்பட்ட எச்சமே புதிய தரவானது. 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்தபோது கந்தக டைஆக்சைடு போலியான ஓசோன் மிகுதியாகத் தோன்றியது. ஆர்லின் குரூகர் அதனைப் பிரித்தறிந்து எரிமலை வாயுவை அளக்கும் வழியாக்கினார். இதைப் போன்றே, ஓசோன் மிகக் குறைவாக உட்கவரும் 340, 380 நானோமீட்டர் அலைநீளங்களில் கணிப்புக்கும் அளவீட்டுக்கும் இடையே வேறுபாடுகள் காணப்பட்டன. பாலைவனத் தூசியும் காட்டுத்தீப் புகையும் புறஊதா ஒளியை உட்கவர்வதே அதற்குக் காரணம். ஹெர்மன், பார்தியா, டாரஸ் முதலியோர் 1997இல் வெளியிட்ட கட்டுரை, டாம்ஸ் தரவிலிருந்து இத்துகள்களின் உலகப் பரவலை வரைந்து காட்டியது. ஓசோனுக்காக வடிவமைத்த கருவி இவ்வாறு துகள் ஆய்வுக்கும் பயன்பட்டது. 2004இல் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோளின் ஓஎம்ஐ கருவியும் இம்மரபைத் தொடர்ந்தது; அதன் ஓசோன் கணிப்பு முறைகளை விளக்கும் ஆவணத் தொகுதியைப் பார்தியா 2002இல் பதிப்பித்தார்.

முடிவுரை

இம்மூன்று நிகழ்வுகளிலும் ஐயம் ஒன்றே, விடை வெவ்வேறு. முதலாவதில் ஐயத்திற்குரிய மதிப்பு உண்மையாயிற்று. இரண்டாவதில் நம்பத்தக்கதாகத் தோன்றிய போக்கின் ஒரு பகுதி கருவியின் தேய்வாயிற்று. மூன்றாவதில் எச்சமே செய்தியாயிற்று. எதிர்பார்ப்புடன் பொருந்துவதோ பொருந்தாமையோ தரவின் தகுதியை முடிவு செய்வதில்லை. ஐயத்திற்குரியதைக் குறியிட்டு வைத்தலும், நீக்காது பேணலும், கருவியைக் கருவியாலேயே சோதித்தலும் இவ்வாய்வு மரபின் நெறிகள். தென்துருவத்தின் குறைந்த மதிப்புகள் 1984இல் மீண்டும் பார்க்கப்பட்டமைக்குக் காரணம், அவை குறியிடப்பட்டுப் பேணப்பட்டிருந்தமையே.