அவசர சிகிச்சைப் பிரிவும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதை வைத்து வீட்டில் உருப்படியாக என்ன செய்யலாம்?" என்பதுதான். கடிதம் அடிக்கலாம், கரண்ட் பில் கட்டலாம், ரயில் டிக்கெட் எடுக்கலாம் என்று வழக்கமான பதிலையே சொல்லி வந்தேன். ஓர் இரவு அனுபவத்திற்குப் பிறகு என் பதில் மாறிவிட்டது. "முதலில் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம் டைப் செய்து பிரிண்ட் எடுத்து வையுங்கள்" என்கிறேன். அது என்ன பக்கம்? ஏன்? பார்ப்போம்.

அன்று நடந்தது என்ன?

இரவு ஒன்றரை மணி. பாத்ரூம் போக எழுந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "தலை சுத்துதுடா, கண்ணை இருட்டிக்கிட்டு வருது" என்றார். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்ப்யூட்டரை ஆன் செய்து, தலைசுற்றல் என்று டைப் செய்து தேடினேன். மூன்றாவது கிளிக்கில் மூளைக் கட்டி பற்றிய பக்கத்தில் இருந்தேன். பத்து நிமிடம் வீண். பதற்றம் இரண்டு மடங்கு. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம்.

அங்கே டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" நான் சொன்ன பதில்: "ஒரு வெள்ளை மாத்திரை சார், சின்னது. இன்னொன்று பிங்க் கலர்." அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பத்து நாளைக்கு முன்புதான் ரத்தப் பரிசோதனை செய்திருந்தோம். அந்த ரிப்போர்ட் எங்கே என்று எனக்குத் தெரியாது. எல்லாப் பரிசோதனைகளையும் மறுபடி எடுத்தார்கள். விடியும்போது வீட்டுக்குப் போய் மாத்திரை டப்பாவை அப்படியே தூக்கி வந்தேன். டாக்டர் அட்டைகளைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். "இரண்டும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேறு" என்றார். பழையதற்குப் பதிலாக எழுதிக் கொடுத்த புது மாத்திரையை, பழையதோடு சேர்த்து அம்மா சாப்பிட்டு வந்திருக்கிறார். ரத்த அழுத்தம் அளவுக்கு மேல் இறங்கியதால் வந்த தலைசுற்றல் அது.

"அனாவசியமாக வந்துவிட்டோமா சார்?" என்று கேட்டேன். "வந்தது சரிதான். ஆனால் இப்படி வரவேண்டிய நிலையே வந்திருக்கக் கூடாது" என்றார். இந்தக் கட்டுரையின் சாரமே அந்தப் பதில்தான்.

அதே அறையில் இரண்டு கட்டில் தள்ளி இன்னொருவர் படுத்திருந்தார். முந்தின மாலையே நெஞ்சை அழுத்தியதாம். "கேஸ்தான், சோடா குடித்தால் சரியாகிவிடும்" என்று இரவெல்லாம் காத்திருந்து, விடிகாலையில் மாரடைப்போடு வந்திருந்தார். வரவேண்டியவர் வராமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

வாசலில் நின்று தடுக்க முடியுமா?

சாதாரணக் காய்ச்சலுக்கும், தீர்ந்துபோன மாத்திரைக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் அங்கே நெரிசல் கூடும். உயிருக்குப் போராடுபவரைக் கவனிக்கும் கைகள் குறையும். எனவேதான் வந்தவர்களை முதலில் தரம் பிரிக்கிறார்கள். இதற்கு டிரையேஜ் என்று பெயர். ஆபத்து அதிகம் உள்ளவருக்குச் சிவப்பு, அடுத்து மஞ்சள், காத்திருக்கக் கூடியவருக்குப் பச்சை. ரேஷன் கடை வரிசை போல முதலில் வந்தவருக்கு முதலில் என்பது அங்கே கிடையாது. பச்சையில் இருப்பவர் மணிக்கணக்கில் காத்திருப்பது இதனால்தான்.

அப்படியானால் அவசரம் இல்லாதவர்களை வராதே என்று சொல்லிவிடலாமே? சிக்கல் இங்கேதான். அமெரிக்காவின் ஜாமா மருத்துவ இதழில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 35,000 அவசர சிகிச்சை வருகைகளை அலசியது. சாதாரண கிளினிக்கிலேயே பார்த்திருக்கலாம் என்று கடைசியில் முடிவானவை 6.3 சதவீதம் மட்டுமே. ஆனால் அவர்கள் வரும்போது சொன்ன அதே உபாதைகளைத்தான், மொத்த வருகைகளில் 88.7 சதவீதத்தில் மற்றவர்களும் சொல்லியிருந்தார்கள். அந்த 88.7 சதவீதத்தில் எட்டில் ஒரு பங்குப் பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அதாவது, கேஸா மாரடைப்பா என்பது பரிசோதித்த பிறகுதான் தெரியும். வீட்டில் இருக்கும் நமக்கு எப்படித் தெரியும்?

வாஷிங்டன் மாநிலம் செய்தது

இதே பிரச்னையை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் கையாண்ட விதத்தைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டில், அவசரமில்லாத காரணத்திற்காக ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தால் பணம் தர முடியாது என்று 2011-ல் அந்த மாநிலம் அறிவித்தது. டாக்டர்கள் நீதிமன்றம் போனார்கள், திட்டம் நின்றது. பிறகு மருத்துவமனைகளும் டாக்டர்களும் அரசும் சேர்ந்து உட்கார்ந்து 2012-ல் ஏழு நடைமுறைகளை வகுத்தார்கள். அவற்றில் முதலாவது, எல்லா அவசர சிகிச்சைப் பிரிவுகளின் கம்ப்யூட்டர்களையும் தகவல் பரிமாறும்படி இணைப்பது.

ஒருவர் ஓர் ஊர் மருத்துவமனையில் பதிவு செய்தவுடன், அவர் சமீபத்தில் எங்கெல்லாம் போனார், அடிக்கடி வருபவரா, அவருக்கென்று சிகிச்சைத் திட்டம் இருக்கிறதா என்பது டாக்டருக்குத் தெரிந்துவிடும். அடிக்கடி வருபவர்களுக்கு அருகில் உள்ள டாக்டரிடம் சில நாட்களுக்குள் நேரம் வாங்கிக் கொடுத்தார்கள். யாரையும் வாசலில் நிறுத்தவில்லை. முதல் ஆண்டு முடிவில், மெடிகெய்ட் பயனாளிகளின் அவசர சிகிச்சை வருகை 9.9 சதவீதம் குறைந்ததாக மாநில அரசின் அறிக்கை கூறியது. தடை போட்டு நடக்காததைத் தகவல் செய்து காட்டியது.

அந்த வசதி நம் வீட்டில் இல்லை. ஆனால் அதன் சின்ன வடிவத்தை உங்கள் கம்ப்யூட்டரில் அரை மணி நேரத்தில் செய்திடலாம்.

ஒரு பக்க மருத்துவக் குறிப்பு

1. டெஸ்க்டாப்பில் காலியான இடத்தில் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்திடவும். வரும் மெனுவில் நியூ, பிறகு போல்டர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். "அம்மா மருத்துவம்" என்று பெயர் கொடுக்கவும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனி போல்டர் நல்லது.

2. பழைய ரிப்போர்ட்டுகளையும் மருந்துச் சீட்டுகளையும் மொபைலில் போட்டோ எடுத்து, கேபிள் மூலம் இந்தப் போல்டருக்குக் காப்பி செய்திடவும். பைல் பெயரில் ஆண்டு முதலிலும் அடுத்து மாதமும் பிறகு தேதியும் வரட்டும். உதாரணமாக "2024-08-05 ரத்தப் பரிசோதனை". கம்ப்யூட்டர் பைல்களைப் பெயரின் முதல் எழுத்திலிருந்து வரிசைப்படுத்தும். எனவே ஆண்டு முன்னால் இருந்தால் ரிப்போர்ட்டுகள் தானாகவே கால வரிசையில் நிற்கும். தேதியை முதலில் எழுதினால் எல்லா மாதத்து 5-ஆம் தேதிகளும் ஒன்றாகக் கலந்துவிடும்.

3. வேர்ட் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரைத் திறந்து ஒரே பக்கத்தில் இவற்றை டைப் செய்திடவும்: பெயர், வயது, ஒத்துக்கொள்ளாத மருந்துகள், உள்ள நோய்கள், எந்த ஆண்டு முதல், செய்துகொண்ட ஆபரேஷன்கள், கடைசியாகப் பார்த்த சர்க்கரை, ரத்த அழுத்த அளவுகள், வழக்கமான டாக்டரின் போன் எண், வீட்டார் இருவரின் எண்கள், காப்பீட்டு அட்டை எண்.

4. மாத்திரைகளுக்கு ஒரு டேபிள் போடவும். வேர்டில் இன்சர்ட் மெனுவில் டேபிள் இருக்கும். நான்கு காலம் போதும்: மருந்தின் பெயர், மில்லிகிராம், எந்த வேளை, எப்போதிலிருந்து. இங்கே ஒரு முக்கிய விஷயம். அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். மருந்தின் உண்மையான பெயரும் அதே அட்டையில் இருக்கும். ரத்த அழுத்தத்திற்குத் தரும் அம்லோடிபின் என்ற ஒரே மருந்து பல பெயர்களில் விற்கிறது. இரண்டு பெயர்களையும் எழுதுங்கள். ஒரே மருந்து இரண்டு வரியில் வந்தால் உங்கள் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். அப்படி வந்தால் நீங்களாக எதையும் நிறுத்தாமல், அன்றே டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். என் அம்மாவுக்கு இந்த டேபிள் இருந்திருந்தால் அந்த இரவே வந்திருக்காது.

5. பக்கத்தின் மேல் மூலையில் தேதி போட்டு மூன்று பிரதி எடுக்கவும். ஒன்று பீரோக் கதவில், ஒன்று அவர் பர்ஸில், ஒன்று மாத்திரை டப்பாவில். பி.டி.எப். ஆகவும் சேமித்து மொபைலில் வைக்கலாம். மாத்திரை மாறும்போதெல்லாம் புதிய பிரதி எடுத்து, பழையதைக் கிழித்துவிட வேண்டும். பழைய குறிப்பு, குறிப்பே இல்லாததைவிட மோசம்.

பைலுக்குப் பாஸ்வேர்டு போடலாமா என்று சிலர் கேட்பார்கள். போடலாம். ஆனால் கரண்ட் போன நள்ளிரவில், நீங்கள் வெளியூரில் இருக்கும்போது, யார் திறப்பார்கள்? எனவேதான் காகிதப் பிரதி. ஒரு பென்டிரைவில் போல்டரைக் காப்பி செய்து பத்திரப்படுத்துங்கள். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தால் பைலை அங்கிருந்து நீக்கிவிட்டு வரவும்.

இன்டர்நெட்டில் நோயைத் தேடலாமா?

மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் ரையன் ஒயிட், எரிக் ஹோர்விட்ஸ் இருவரும் 2008-ல் இதை ஆராய்ந்தார்கள். தலைவலி என்று தேடத் தொடங்குபவர் மிக அரிதான மூளைக் கட்டி வரை போய்ப் பயப்படுவது எப்படி என்று காட்டினார்கள். அறிகுறிகளைக் கொடுத்தால் ஆலோசனை சொல்லும் 23 புரோகிராம்களை 2015-ல் ஒரு குழு சோதித்தது. முடிவுகள் பி.எம்.ஜே. இதழில் வந்தன. எங்கே, எவ்வளவு அவசரமாகப் போகவேண்டும் என்பதில் சரியான ஆலோசனை கிடைத்தது 57 சதவீதம்தான். வீட்டிலேயே கவனித்துக்கொள்ளக் கூடியவற்றுக்கும் பல டாக்டரிடம் ஓடச் சொல்லின. இப்போது பேச்சு வழக்கிலேயே பதில் சொல்லும் ஏ.ஐ. புரோகிராம்கள் வந்துவிட்டன. அவையும் உங்கள் அம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்ப்பதில்லை. டாக்டர் சொன்ன நோயைப் பிறகு புரிந்துகொள்ளத் தேடுங்கள். நள்ளிரவில் முடிவெடுக்கத் தேடாதீர்கள்.

கம்ப்யூட்டரைத் தொடவே கூடாத நேரம்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் தேட வேண்டாம், யோசிக்க வேண்டாம். 108-க்கு போன் செய்யுங்கள். இலவசம்.

* நெஞ்சில் அழுத்தம், வலி. கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி. காரணமில்லாத குளிர்ந்த வியர்வை
* வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல், பேச்சுக் குழறல். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்
* மூச்சுத் திணறல், மயக்கம், வலிப்பு, நிற்காத ரத்தப்போக்கு
* பாம்புக்கடி, விஷம், பெரிய தீக்காயம், தலையில் அடி
* பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் குழந்தை, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு
* சர்க்கரை நோயாளி குழம்பிப் பேசுவது
* உயிரை விட்டுவிடலாம் என்று ஒருவர் முயல்வது

போனது வீணாக இருந்தால் சில மணி நேரம்தான் நஷ்டம். போகாதது தவறாக இருந்தால்?

மற்ற நேரங்களில்

சாதாரண சளி, காய்ச்சல், ரிப்போர்ட் பற்றிய சந்தேகம், மாத்திரை மறந்துவிட்டால் என்ன செய்வது போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். மத்திய அரசின் இ-சஞ்சீவனி இணையதளத்தில் வெப்கேமரா மூலம் டாக்டரிடம் இலவசமாகப் பேசலாம். மொபைல் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும், பதிவு செய்து டோக்கன் பெற்றுக் காத்திருக்க வேண்டும். அவர் எழுதும் மருந்துச் சீட்டை உங்கள் போல்டரில் சேமித்துக்கொள்ளலாம். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாள் பகலில் உள்ளே போய், மைக்கும் கேமராவும் வேலை செய்கின்றனவா என்று பார்த்து வையுங்கள்.

மாத்திரை தீர்ந்துபோவதும் பல அவசரங்களுக்குக் காரணம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மாத்திரை தீர ஐந்து நாள் இருக்கும்போதே நினைவூட்டும்படி கம்ப்யூட்டர் காலண்டரிலும் குறித்து வைக்கலாம்.

இப்போது எங்கள் வீட்டு பீரோக் கதவில் அம்மாவின் பக்கம் ஒட்டியிருக்கிறது. போன மாதம் டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றினார். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, அந்தக் காகிதத்தை மாத்திடு." இன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், இந்த இதழை மூடிவிட்டு முதலில் மாத்திரை டப்பாவை எடுத்து வாருங்கள்.