‘டீனி வீனி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ‘டைனி’ வந்தாலும் சரி, ‘டீனி வீனி’, ‘இட்ஸி பிட்ஸி’ வந்தாலும் சரி, மாணவர்கள் ‘மிகச் சிறிய’ என்றே எழுதிவிடுகிறார்கள். பொருள் தப்பில்லை, தொனிதான் போயிடுது. ‘டைனி’ அளவைச் சொல்லும். மற்ற இரண்டும் பேசுபவரின் செல்லத்தை, கேலியை, சில நேரம் கெஞ்சலைச் சொல்லும். ‘ஒரு டீனி வீனி உதவி’ என்று ஒருவர் கேட்டால், பெரிய வேலை காத்திருக்குன்னு அர்த்தம்!

இந்தத் தொனியில் ஒலிக்கும் பங்குண்டு. ‘டீனி’, ‘வீ’, ‘டீன்ஸி’ என்று சொல்லிப் பாருங்க. வாய் இடுங்கி ஈகாரம் வரும். எட்வர்ட் சப்பீர் என்ற மொழியியலாளர் 1929இல் வெளியிட்ட ஆய்வில், ‘மல்’, ‘மில்’ என்ற பொருளற்ற இரு சொற்களைக் கொடுத்து, எது பெரிய மேசை, எது சின்ன மேசை என்று கேட்டார். பெரும்பாலோர் ‘மல்’தான் பெரியது என்றார்கள். நம்மிடமும் ‘சின்ன’, ‘துளி’, ‘இம்மி’ இருக்கின்றன. மலாயில் ‘கெச்சில்’, ‘சிக்கிட்’. ஆனால் இதை விதியாக்கிவிடாதீர்கள். ‘பிக்’கிலும் இகரம்தானே இருக்கு?

‘டிச்சி’யின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், டிச்போர்ன் என்னும் செல்வக் குடும்பத்தின் காணாமற்போன வாரிசு நானே என்று ஒருவர் வழக்காடினார். மிகப் பருத்த மனிதர். குழந்தையாக இருந்தபோது கொழுகொழுவென்றிருந்த ஹாரி ரெல்ஃபுக்கு (1867–1928) அவர் பெயரையே பட்டமாக வைத்தார்கள். அந்தப் பிள்ளையோ சுமார் 137 செ.மீ. உயரத்தோடு நின்றுவிட்டு, ‘லிட்டில் டிச்’ என்ற புகழ்பெற்ற மேடை நகைச்சுவைக் கலைஞரானார். பருத்தவரின் பெயர் இப்படித்தான் பொடிசுக்கு ஆனது. (விளையாட்டுச் சொல்தான், ஆனாலும் ஆளைப் பார்த்துச் சொன்னால் புண்படுத்தும்.)

சரி, தமிழில்? ‘குட்டியூண்டு’, ‘இத்தனூண்டு’, ‘கொஞ்சூண்டு’ எல்லாம் உரையாடலிலும் சிறுகதையிலும் கச்சிதமாகப் பொருந்தும். கருத்து விளக்கக் கட்டுரையில் வேண்டாம். அவற்றுக்குள்ளும் வேறுபாடு உண்டு: ‘கொஞ்சூண்டு தண்ணி’ சரி, ‘கொஞ்சூண்டு பூனை’ ஆகாது, அது ‘குட்டியூண்டு பூனை’.

‘ஸ்மிட்ஜன்’ இன்னும் கவனிக்க வேண்டியது. உப்போடு வந்தால் ‘ஒரு சிட்டிகை’. சந்தேகத்தோடு எதிர்மறையில் வந்தால் ‘எள்ளளவும் ஐயமில்லை’. இங்கே ‘எள்ளளவும்’, ‘இம்மியும்’, ‘துளியும்’ மூன்றும் எதிர்மறையைக் கேட்கும். ‘எள்ளளவும் ஐயம் இருந்தது’ என்று முடித்தால் வாக்கியமே பிழை. ‘எள்ளளவு ஐயம் இருந்தது’ என்று ‘உம்’மை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.