தொப்புளில் எண்ணெய் வைக்கும் இன்ஜின்

2009 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. கோலார் பக்கத்தில் ஒரு கிராமம். சாய்த்து வைத்த தண்டவாளத்திலிருந்து, கவணில் வைத்த கல்லைப் போல, ஓர் ஆளில்லா விமானம் சீறிக்கொண்டு பாய்ந்தது. 1.8 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி, 35 நிமிடம் சுற்றிவிட்டு, பாராசூட்டை விரித்துக்கொண்டு வறண்டு கிடந்த ஏரி ஒன்றில் வந்து இறங்கியது. ஆக மொத்தம் 40 நிமிடம்.

'நிஷாந்த்' என்ற அந்த விமானம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே பறந்துகொண்டிருந்ததுதான். அன்றைக்குப் புதிதாக இருந்தது, அதன் பின்பக்க விசிறியைச் சுழற்றிய இன்ஜின். அதுவரை வெளிநாட்டு இன்ஜினைப் போட்டு ஓட்டினார்கள். அன்று பறந்தது இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த 55 குதிரைத்திறன் வாங்கெல் இன்ஜின். அதன் உடலையும், உட்சுவரின் நிக்கல்–சிலிக்கன் கார்பைட் பூச்சையும் பெங்களூர் என்.ஏ.எல். ஆய்வகம் செய்தது. பற்றவைப்பும் எரிபொருள் ஏற்பாடும் அகமத்நகரில் உள்ள வாகன ஆய்வு நிறுவனமான வி.ஆர்.டி.இ.யின் பொறுப்பு. விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்டது விமான ஆய்வு நிறுவனமான ஏ.டி.இ. எடை 30 கிலோ அளவுதான். நம் தெருவில் ஓடும் 100 சி.சி. பைக்கின் இன்ஜின் எட்டுக் குதிரையை எட்டினாலே பெரிது. 30 கிலோவில் 55 குதிரை என்றால், அந்தச் சின்ன உடம்பு எவ்வளவு சூட்டைத் தாங்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாங்கெல் இன்ஜினில் பிஸ்டன் இல்லை. மேலும் கீழும் குதிக்கும் எதுவுமே இல்லை. இடுப்பு லேசாகச் சிறுத்த வேர்க்கடலைத் தோடு மாதிரி ஒரு கூடு. அதற்குள் பக்கங்கள் உப்பிய சமோசா மாதிரி ஒரு முக்கோணம் உருண்டு புரண்டு சுற்றுகிறது. அதுதான் ரோட்டார். அதன் மூன்று முனைகளும் கூட்டின் சுவரைத் தொட்டபடியே போவதால் நடுவில் மூன்று அறைகள் உண்டாகின்றன. ஒவ்வோர் அறையும் பெரிதாகும், சிறிதாகும். காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவது, நெருக்கப்படுவது, எரிவது, புகையாக வெளியேறுவது எல்லாம் இந்தச் சுற்றிலேயே முடிந்துவிடும். ரோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் நடுத்தண்டு மூன்று சுற்றுச் சுற்றும். இது ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் யோசித்தது; என்.எஸ்.யூ. கம்பெனியில் முதல் மாதிரி ஓடியது 1957-இல். பிறகு இதைக் கைவிடாமல் வளர்த்தது ஜப்பானின் மாஸ்டா.

அழகான இயந்திரம். ஆனால் இதற்கு ஒரு வியாதி உண்டு. சாதாரண இன்ஜினில் பிஸ்டன் பட்ட சூட்டின் பெரும்பகுதி, அதைச் சுற்றியிருக்கும் வளையங்கள் வழியாகச் சிலிண்டர் சுவருக்குப் போய்விடும். ரோட்டாருக்கு அந்த வசதி இல்லை. கூட்டை அது தொடுவது மெல்லிய சீல்களின் நுனியால் மட்டும். மூன்று முகங்களிலும் மாறி மாறி நெருப்பு. சூடு இறங்க வழியோ ஊசிமுனை அளவு. வெளிக்கூட்டைத் தண்ணீரால் குளிர்விக்கலாம். உள்ளே சுழலும் முக்கோணத்தின் வயிற்றுச் சூட்டை என்ன செய்வது?

நம் வீடுகளில் உடம்புச் சூட்டுக்குத் தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள். மாஸ்டா செய்ததும் ஏறக்குறைய அதுதான். நடுத்தண்டுக்குள் துளையிட்டு, அதன் வழியாக ஆயிலை ஏற்றி, உள்ளீடற்ற ரோட்டாரின் வயிற்றுக்குள் பீய்ச்சினார்கள். சூட்டை வாங்கிக்கொண்ட ஆயில், ரோட்டார் புரளும் வேகத்தில் தெறித்து வெளியே வந்து, ஆயில் கூலரில் காற்றுபட்டு ஆறும். இன்ஜின் வெளியே தள்ள வேண்டிய சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்படி ஆயில் வழியாகவே வருகிறது. ஆக, பைக்கில் உயவுக்காக ஊற்றும் ஆயிலும் இதுவும் ஒன்றல்ல. இங்கே ஆயில்தான் பாதி ரேடியேட்டர்.

எண்ணெய் என்றதும் ஒரு பழைய கதை. முதல் உலகப்போர் விமானங்களிலும் சுழலும் இன்ஜின் ஒன்று இருந்தது; 'நோம்' என்ற பிரெஞ்சு இன்ஜின் அதில் பேர்போனது. அது வேறு ஜாதி. சிலிண்டர்கள் எல்லாமே விசிறியோடு சேர்ந்து சுற்றும். அதற்கு நிஜமாகவே விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள், அது பெட்ரோலில் கரையாது என்பதற்காக. எரிந்ததும் எரியாததுமாக அத்தனையும் பின்னால் உட்கார்ந்த விமானியின் முகத்தில் அடிக்கும். அதைச் சுவாசித்த விமானிகளின் வயிறு என்ன பாடு பட்டது என்று நம் பாட்டிமார் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

ஆயில் இல்லாமலும் ரோட்டாரைக் குளிர்விக்கலாம். 1987-இல் வந்த நார்ட்டன் கிளாசிக் பைக்கில், உள்ளே போகும் காற்றை முதலில் ரோட்டாரின் வயிற்றுக்குள் விட்டுக் குளிர்வித்துவிட்டு, பிறகுதான் எரிவதற்கு அனுப்பினார்கள். ஆயில் கூலர் வேண்டாம், எடை குறையும். ஆனால் சூடேறிய காற்று விரிந்துவிடும், அதனால் இன்ஜினின் பலம் குறையும். சிறிய ஆளில்லா விமானங்களுக்கு இந்தப் பேரம் கட்டுப்படியாகும். மனிதன் ஏறிப் பறக்கும் விமானத்தில் ஆயிலே மேல்.

அமெரிக்காவில் வீட்டு ஷெட்டிலேயே விமானம் கட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களில் ஒரு கூட்டத்துக்கு மாஸ்டாவின் 13பி இன்ஜின் மேல் தீராத காதல். இரண்டு ரோட்டார், ஒவ்வொன்றும் 654 சி.சி. இடிபட்ட காரிலிருந்து கழற்றிய இன்ஜினோடு ஒரு கியர்பெட்டியைச் சேர்த்து விசிறியை மாட்டிவிடுவார்கள். இன்ஜின் லேசில் உடையாது. ஆனால் விமானம் மேலேறும்போது ஆயில் மீட்டரின் முள்ளும் கூடவே மேலேறும். 100 டிகிரியைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். உள்ளேயிருக்கும் ரப்பர் வளையங்கள் சூட்டில் விறைத்துப்போகும், ஆயில் எரியும் அறைக்குள் கசியும், பின்னால் நீலப் புகை வரும்.

எவ்வளவு சூடு என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. அந்த அளவு இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது ஆயில் மட்டும் 30 கிலோவாட்டுக்கு மேல் சூட்டைத் தூக்கிக்கொண்டு வரும். வீட்டு கீசர் 2 கிலோவாட் என்றால், பதினைந்து கீசர்களை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். அதையெல்லாம் கையில் தூக்கக்கூடிய ஒரு கூலர் காற்றில் இறக்கிவிட வேண்டும்.

சரி, முள் ஏறுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் மீட்டரையே சந்தேகப்பட வேண்டும். சென்சாரைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கடலோரச் சென்னையில் 100 டிகிரி காட்ட வேண்டும். எங்கள் கோலார் தங்கவயலில் 100 காட்டினால் அது பொய் மீட்டர். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டரில் இருக்கும் இந்த ஊரில் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்சாரின் எர்த் ஒயர் சரியாகப் பிடிக்காமல் போனதை அறியாமல் கூலரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

மீட்டர் சரியென்றால், கூலருக்குள் போகும் குழாயிலும் வெளியே வரும் குழாயிலும் தலா ஒரு சென்சார் வையுங்கள். இந்த ஒரு சோதனை பாதி வழக்கைத் தீர்த்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால், ஆயில் தாராளமாக ஓடுகிறது, காற்றுதான் வேலை செய்யவில்லை. வித்தியாசம் மிக அதிகம், ஆனாலும் இன்ஜின் சூடு என்றால், காற்று நன்றாகவே குளிர்விக்கிறது, ஆயில்தான் போதுமான அளவு ஓடவில்லை. அப்போது ஆயிலைக் கூலருக்குள் விடாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டதா, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, கூலருக்குள் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூலரின் வாய்கள் கீழ்நோக்கி இருந்தால் மேல்பாதியில் காற்று தங்கிவிடும். வாய் மேலே இருப்பதே நல்லது. 13பி-யின் தண்டுக்குள் ஒரு குட்டி வெப்ப வால்வும் உண்டு. இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும்வரை ரோட்டாருக்குப் போகும் ஆயிலை அது குறைத்து வைக்கும். சூடான பிறகும் அது சரியாக மூடாவிட்டால் ரோட்டார் பட்டினி கிடக்கும். அதனால் விமானத்துக்கு எடுப்பவர்கள் பலர் அதைத் தூக்கிவிட்டு அசையாத அடைப்பான் ஒன்றைப் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் பெரும்பாலும் குற்றவாளி காற்றுதான். இது தங்கவயல்காரர்களுக்குப் புரியவைக்க வேண்டிய விஷயமல்ல. எங்கள் ஊரின் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். காற்றை அடியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது பாதி வேலைதான். அது குறுக்குவழியில் நழுவாமல் ஆள் நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும், போன காற்று வெளியேற வழியும் வேண்டும். அதற்காகவே கதவுகளும் தடுப்புகளும் வைத்தார்கள். விமானத்தின் மூக்கும் ஒரு சின்னச் சுரங்கம்தான்.

கூலருக்கும் அதைச் சுற்றிய தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும். நெருக்கமான துடுப்புகளுக்குள் நுழைந்து கஷ்டப்படுவானேன் என்று காற்று அந்தச் சந்து வழியாக ஓடிவிடும். அதை ரப்பர் பட்டையும் சிலிக்கோனும் கொண்டு அடைத்ததும், அதுவரை 'சின்னக் கூலர்' என்று திட்டு வாங்கிய அதே கூலர் போதுமானதாகிவிடும். அடுத்தது பின்பக்கம். முன்னால் ஓட்டையைப் பெரிதாக்குவதே எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் சூடான காற்று வெளியே போகும் வழி சிறிதாக இருந்தால், முன்னால் எவ்வளவு பெரிய வாய் வைத்தாலும் பயன் இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். கொத்தனார்கள் சுவர் மட்டம் பார்க்கப் பிடிக்கும் தண்ணீர் டியூப் இருக்கிறதல்லவா, அதில் ஒன்றரை மீட்டர் போதும். வளைத்துப் பிடித்துப் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் கூலருக்கு முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும் செருகுங்கள். பறக்கும்போது இரண்டு பக்கத் தண்ணீருக்கும் எத்தனை சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வு என்பதுதான் காற்றைத் தள்ளும் விசை. மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில், எங்கள் ஊர் உயரத்தில், காற்று தரக்கூடிய மொத்த அழுத்தம் சுமார் 15 சென்டிமீட்டர் தண்ணீர். மேலேறும்போது வேகம் 130-க்குக் குறைந்தால் அது 7.5 ஆகிவிடும், சரிபாதி. வேகம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, அழுத்தம் பாதியாகிவிட்டது. அதே நேரத்தில்தான் இன்ஜின் முழு பலத்தோடு உழைக்கிறது. ஏறும்போது முள் ஏன் ஏறுகிறது என்பதற்கு விடை இதுதான். அந்த 7.5-இல் கூலருக்குக் குறுக்கே உங்கள் டியூப் இரண்டு சென்டிமீட்டர்தான் காட்டுகிறது என்றால், மீதி எங்கோ சந்தில் போகிறது, அல்லது பின்னால் அடைபட்டு நிற்கிறது.

எங்கள் ஊர் பெமல் தொழிற்சாலையில் புல்டோசர் வேலை பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய பாடமாக இருக்கும். டார்க் கன்வெர்ட்டர் ஆயில் சூடேறினால் அவர்கள் முதலில் ரேடியேட்டர் துடுப்பில் அடைந்த மண்ணைத்தான் ஊதித் தள்ளுவார்கள்.

ஆரம்பத்தில் பார்த்த நிஷாந்தின் கதை நன்றாக முடியவில்லை. ராணுவம் வாங்கிய நான்கும் விபத்துக்குள்ளாக, 2015-இல் மேற்கொண்டு வாங்குவது நின்றது.

விமானம் இல்லாதவர்களும் ஒன்று செய்து பார்க்கலாம். பழைய இரும்புக் கடையில் கசிவில்லாத ஒரு கார் ரேடியேட்டர் கிடைக்கும். கைக்குத் துணி சுற்றிக்கொண்டு அதில் 80 டிகிரி தண்ணீரை ஊற்றுங்கள். அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கத்தையும் வெட்டி, நடுவில் ரேடியேட்டரைச் சுற்றிலும் ஒரு விரல் சந்து விட்டு நிறுத்தி, முன்னால் டேபிள் ஃபேனைப் போடுங்கள். 50 டிகிரிக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடைவெளியை டேப் போட்டு அடைத்துவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.