‘பேபி பூமர்’ தலைமுறையின் இளமை நினைவும் புறநானூற்றுக் கையறுநிலையும்

புறநானூற்றின் 243ஆம் பாட்டு, மூத்தோர் ஒருவர் தம் இளமையை எண்ணி இரங்குவதாகும். மணலாற் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டியதும், குளிர்ந்த பொய்கையில் மகளிரொடு கைகோத்து ஆடியதும், நீரின்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையேறிக் கரையில் நின்றோர் வியக்க மடுவிற் குதித்து அடிமணலை அள்ளி வந்ததும் அவர் நினைவில் எழுகின்றன. இன்றோ கையில் ஊன்றுகோல். இருமலுக்கிடையே சில சொல். பாடியவர்க்கு அக்கோலினாலேயே தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயர் நின்றது. கையறுநிலைத் துறையில் வரும் பாட்டுக்கள் பெரும்பாலும் மாய்ந்த மன்னனையோ வள்ளலையோ குறித்தன. இதன்கண் மாய்ந்ததாகக் கருதப்படுவது பாடுவோர்தம் இளமையே.

இத்தகைய இரக்கம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு தலைமுறை முழுமைக்கும் உரிய எழுத்துவகையாகப் பெருகிற்று. அத்தலைமுறையினரைப் ‘பேபி பூமர்’ என வழங்குவர். இரண்டாம் உலகப்போர் 1945இல் முடிந்தபின் அந்நாட்டில் மகப்பேறு மிகுந்தது. 1946 முதல் 1964 வரை பிறந்த ஏறத்தாழ 7.6 கோடிப் பேரை இப்பெயர் சுட்டும். அவருள் மூத்தோர் இன்று எண்பது அகவையை ஒட்டியவர். விழுத்தண்டினார் நிலையை எய்தியவர் எனலாம். இவர்தம் நினைவுக் கட்டுரைகளைப் பயில்வார்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. புறநானூற்று முதியவர் நினைவில் விலைகொடுத்து வாங்கிய பொருள் ஒன்றேனும் இல்லை. இவர்தம் நினைவிலோ அத்தகைய பொருளே முன்னிற்கின்றது. ஆற்றங்கரையின் பெயரினும் விளையாட்டுப் பொருளின் வணிகப்பெயரே விரைந்து நாவில் வருகின்றது. விற்பனை கருதிப் பிறர் ஆக்கியளித்த இளமையை எண்ணி இரங்குதல் மெய்யான இரக்கமாகுமா? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

‘நாஸ்டால்ஜியா’ என ஆங்கிலத்தார் வழங்கும் சொல்லின் வரலாறு இவ்வாராய்ச்சிக்குத் துணைசெய்யும். 1688இல் யோகானஸ் ஓஃபர் என்னும் மருத்துவ மாணவர், பிறந்த மண்ணைப் பிரிந்த சுவிட்சர்லாந்தினர் உற்ற நோயைக் குறித்தற்கு, மீளுதல், துன்பம் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இதனைப் படைத்தார். அன்று அஃது இடம்பற்றிய நோய். ஊர்திரும்பின் தீரும் என நம்பப்பட்டது. காலம்பற்றிய ஏக்கத்தை அச்சொல் உணர்த்தத் தொடங்கியது பின்னரேயாம். தொல்காப்பியர் அழுகைக்கு நிலைக்களனாகக் கூறிய நான்கனுள் ‘அசைவு’ என்பது, உரையாசிரியர் கருத்தின்படி, பண்டைநிலை கெட்டு வருந்துதலைக் குறிக்கும். இழவினை வேறாகவும் அசைவினை வேறாகவும் அவர் பிரித்தோதிய நுட்பம் போற்றத்தக்கது. இளமையை நினைவார் இழந்தது ஒரு பொருளை அன்று, தம் நிலையையே. எனவே இவ்வகை எழுத்தை அசைவின்பாற் படுத்தலே பொருத்தம் என்பது நம் கருத்து.

இனி, அவ்விளமையின் இயல்பைக் காண்போம். 1950இல் அமெரிக்க இல்லங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 9இல் மட்டுமே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. 1960இலோ நூற்றுக்கு 85க்கு மேற்பட்டவற்றில் அது புகுந்துவிட்டது. ஒரு கதைப்பாட்டு நாடெங்கும் பரவ முற்காலத்தில் பல தலைமுறை வேண்டும். இங்கு ஒரு மாலைப்பொழுதே போதியதாயிற்று. 1836இல் அலமோ போரில் மாண்ட எல்லைப்புற வீரர் டேவி கிராக்கெட்டின் கதையை டிஸ்னி நிறுவனம் 1954 டிசம்பர் 15 அன்று தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கியது. சில திங்களுக்குள், ரக்கூன் என்னும் விலங்கின் தோலாற் செய்த, பின்புறம் வால் தொங்கும் தொப்பியை அணியாத சிறுவரைக் காண்டல் அரிதாயிற்று என எழுதுவர். 1955இன் இறுதிக்குள் அவ்வேட்கை தணிந்தும்போயிற்று. ஒருவரையொருவர் அறியாதார் இருவர், ஐம்பதாண்டு கழித்துச் சந்திக்குங்கால், அத்தொப்பியைச் சொன்ன அளவில் ஓரூரார்போல் ஆகிவிடுகின்றனர். இடம் செய்த உறவை ஈண்டு நேரம் செய்தது.

விளையாட்டுப் பொருள்களின் வரலாறோ இன்னும் சுவையுடையது. மாடிப்படியில் தானே இறங்கிச் செல்லும் ‘சிலிங்கி’ என்னும் கம்பிச்சுருள், 1943இல் கப்பற்படைப் பணிக்கெனச் சுருள்வில்லை ஆராய்ந்துகொண்டிருந்த ரிச்சர்ட் ஜேம்ஸ் என்பாரின் மேசையருகே ஒரு சுருள் தவறி வீழ்ந்ததனால் தோன்றியது. 1945இல் பிலடெல்பியாக் கடையொன்றில் விற்பனைக்கு வந்தது. ‘சில்லி புட்டி’ என்னும் பிசைபொருள், போர்க்காலத்தில் ரப்பருக்கு மாற்றுத் தேடிய ஆய்வில் கிடைத்து, எப்பயனும் காணப்படாமையால் 1950இல் குழந்தைகட்கு உரியதாயிற்று. அதனைச் செய்தித்தாளின் படக்கதைமேல் அழுத்தியெடுத்தால் உருவம் அதிற் பதியும். பின் அதனை இழுத்து வீரனின் முகத்தைக் கோணலாக்கி நகைப்பது அக்காலச் சிறுவர் வழக்கம். விற்றவன் கொடுத்தது களிமண் போன்றதொரு பொருளே, நகைச்சுவை சிறுவனது.

இவ்வகையில் நம் கருத்தைப் பெரிதும் ஈர்ப்பது ‘மிஸ்டர் பொட்டேட்டோ ஹெட்’ என்னும் உருளைக்கிழங்குப் பொம்மையாகும். 1952இல் வெளிவந்த இதுவே தொலைக்காட்சியில் முதற்கண் விளம்பரஞ்செய்யப்பட்ட விளையாட்டுப் பொருள் என்பர். வணிகன் விற்றது கண், மூக்கு, வாய், தொப்பி முதலிய உறுப்புக்களையே. தலைக்கு வேண்டிய உருளைக்கிழங்கு வீட்டு அடுக்களையிலிருந்து வரவேண்டும். கிழங்கு ஒவ்வொன்றும் வேறுவேறு வடிவினது; ஆதலின் முகமும் வேறுவேறு. சிலநாளில் அது வாடும், அழுகும்; தாய் எறிந்துவிடுவாள். 1964இல் பிளாஸ்டிக் கிழங்கும் உடன் சேர்த்து விற்கப்பட்டது. அதற்குமுன் இருந்த பன்னீராண்டில், விலைப்பொருளும் மணற்பாவையும் பாதிபாதியாக இப்பொம்மையிற் கலந்திருந்தன எனல் மிகையாகாது. விழுத்தண்டினார் தாம் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதற்கும் இதற்கும் இடையேயுள்ள தொலைவு, நாம் முதலில் எண்ணிய அளவு நெடியது அன்று. பொருள் எவர் ஆக்கியது என்பதைவிட, குழந்தையின் கை அதன்மேல் எவ்வளவு தொழிற்பட்டது என்பதே அந்நினைவின் உண்மைக்கு அளவுகோலாதல் வேண்டும். 1958இல் நாடெங்கும் பரவிய ‘ஹூலா ஹூப்’ வளையமும் அத்தகையதே; வாங்கியவன் இடையை அசைத்தாலன்றி அது வெறும் பிளாஸ்டிக் வட்டம்.

நினைவு மெய்யாயினும் நிறைவுடையதாதல் வேண்டும் என்பதில்லை. அது சொல்லாது விடுப்பன சில உள. புறநானூற்று இளைஞன் குதித்த மடுவை மீண்டும் எண்ணுவோம். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கப் பெற்றோர் தம் மக்களைக் கோடையில் நீராடவிட அஞ்சினர். இளம்பிள்ளைவாதம் நீச்சற்குளத்தில் தொற்றும் என்னும் அச்சத்தால் ஊர்தோறும் குளங்களை மூடினர். 1952இல் மட்டும் ஏறத்தாழ 58,000 பேரை அந்நோய் தாக்கியது. ஜோனஸ் சால்க் கண்ட தடுப்பூசியை 1954இல் நிகழ்ந்த பெருஞ்சோதனையில் பல இலட்சம் பள்ளிச்சிறார் ஏற்றுக்கொண்டனர். அது பயனுடையது என 1955 ஏப்ரல் 12 அன்று அறிவிக்கப்பட்டது. ஊசிக்கு நீட்டிய கையும் அவ்விளமையின் பகுதியே. அணுகுண்டு வீழின் மேசைக்கடியில் பதுங்குக எனப் பள்ளியிற் பயிற்றியதும், அதனை ஓர் ஆமையைக் கொண்டு விளக்கிய 1951ஆம் ஆண்டுப் படமும் அத்தகையனவே. இவற்றை இன்று நகைச்சுவையாகவே பலர் எழுதுகின்றனர். அன்று இரவில் உறங்காது கிடந்த குழந்தைக்கு அது நகையாயிருந்திராது.

விடுபட்டவற்றுள் இதனினும் கொடியது ஒன்று உண்டு. மார்ட்டின் லூதர் கிங், 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய மடலில், தம் ஆறு அகவை மகளைப் பற்றிக் கூறுகின்றார். ஒரு கேளிக்கைப் பூங்காவின் விளம்பரம் தொலைக்காட்சியில் வந்தது. தானும் அங்குச் செல்ல மகள் விரும்பினாள். கறுப்பினக் குழந்தைகட்கு அங்கு இடமில்லை என்பதை அவளுக்கு எவ்வாறு உரைப்பது என நாவெழாது நின்றார் தந்தை. நேரம் செய்த உறவு என மேலே நாம் கூறியதற்கு இஃது எல்லை வகுக்கின்றது. விளம்பரம் எல்லா இல்லத்திற்கும் சென்றது. வாயில் எல்லார்க்கும் திறக்கவில்லை. கென்னத் கிளார்க்கும் மேமி கிளார்க்கும் 1940களில் கறுப்பினச் சிறார் முன் வெள்ளைப் பொம்மையும் கறுப்புப் பொம்மையும் வைத்து எது நல்லது என வினவியபோது, பலரும் வெள்ளைப் பொம்மையையே சுட்டினர். இனம் பிரித்த பள்ளிகள் சட்டத்திற்கு மாறானவை என உச்ச நீதிமன்றம் 1954இல் கூறிய தீர்ப்பில் இவ்வாராய்ச்சியும் எடுத்தாளப்பட்டது. அத்தலைமுறைக்கென ஒரே நினைவு உளது என்பார் கூற்று இவற்றை எண்ணாமற் கூறியதாம்.

இவ்விரக்கம் எப்பொழுது எழுந்தது என்பதும் கருதற்பாலது. முதுமையில் எழுந்தது எனின் அது பிழை. 1962ஆம் ஆண்டின் ஓர் இரவைக் காட்டும் ஜார்ஜ் லூகாஸின் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ என்னும் திரைப்படம் 1973இலேயே வெளிவந்தது. 1950களைக் காட்டிய ‘ஹேப்பி டேஸ்’ தொடர் 1974இல் தொடங்கியது. அன்று இத்தலைமுறையின் மூத்தோர்க்கே முப்பது நிரம்பவில்லை. பதினோராண்டுக்கு முந்திய இரவொன்று பழங்காலமாகத் தோன்றியது எங்ஙனம்? இடையே 1963இல் கென்னடி கொல்லப்பட்டார், வியட்நாம் போருக்கு அவ்விளைஞர் பலர் அழைக்கப்பட்டனர், மீளாதாரும் பலர். நரை தோன்றுமுன்னரே பண்டைநிலை கெட்டது. இழவும் அசைவும் ஒருங்கே நேர்ந்த இடம் இது.

அத்தலைமுறையினர் நினைவுகூரும் காட்சிகளுள் ஒன்றைக் கூறி அமைவோம். ‘ஹௌடி டூடி’ என்னும் பொம்மலாட்ட நிகழ்ச்சி 1947 டிசம்பர் முதல் தொலைக்காட்சியில் நடந்துவந்தது. அதில் கிளாரபெல் என்னும் கோமாளி ஒருவன் உண்டு; அவன் பேசான்; ஊதுகுழலை அமுக்கியே தன் கருத்தைப் புலப்படுத்துவான். 1960 செப்டம்பர் 24 அன்று நிகழ்ச்சி இறுதியாகக் காட்டப்பட்டது. முடியும் வேளையில் கோமாளியின் முகம் அண்மையில் வந்தது, இதழ் நடுங்கியது, பதின்மூன்று ஆண்டு வாய்திறவாதவன் மெல்லிய குரலில் குழந்தைகளை விளித்து விடைபெற்றான். 1946இல் பிறந்தோர்க்கு அன்று அகவை பதினான்கு.