கூப்பிட்டால் வராத கிராபிக்ஸ் கார்டு

தவணையில் வாங்கிய கேமிங் லேப்டாப். கேமைத் திறந்தால் படம் நொண்டுகிறது. டாஸ்க் மேனேஜரில் இன்டெல் கிராபிக்ஸ் மட்டும் இருக்கிறது. கூடுதல் காசு கொடுத்து வாங்கிய என்விடியா கார்டைக் காணோம். பதறிப்போய் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது வீண் வேலை. லேப்டாப்பில் இருக்கும் தனி கார்டுக்கு ஒளிந்துகொள்ளும் குணம் பிறவியிலேயே உண்டு.

காரணம் பேட்டரிதான். 2006-இல் வந்த சோனி வயோ எஸ்இசட் லேப்டாப்பில் கிராபிக்ஸை மாற்றுவதற்கென்றே ஒரு சுவிட்ச் இருந்தது: ஒரு பக்கம் தள்ளினால் வேகம், மறுபக்கம் தள்ளினால் பேட்டரி மிச்சம். ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது. 2010 பிப்ரவரியில் என்விடியா அறிவித்த ஆப்டிமஸ் என்ற தொழில்நுட்பம் அந்தத் தொல்லையைப் போக்கியது. இதில் திரைக்குப் போகும் வயர் இன்டெல் சிப்பிலிருந்துதான் புறப்படும். பெரிய கார்டு படத்தை வரைந்து இன்டெல்லின் நினைவகத்தில் கொண்டுபோய் வைக்கும். வேலை இல்லையென்றால் அதற்கு மின்சாரமே நிறுத்தப்படும். இது தெரியாமல், 'இன்டெல்லை முடக்கினால் என்விடியா வந்துவிடும்' என்று டிவைஸ் மேனேஜரில் கைவைப்பவர்கள் வாசலையே பூட்டிவிடுகிறார்கள்.

கார்டு இருப்பது கணினிக்கு எப்படித் தெரிகிறது? ஆன் செய்ததும் பயாஸ் அட்டெண்டன்ஸ் எடுக்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் தடத்தின் முகவரிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடும். அங்கிருக்கும் சிப் தன்னைச் செய்த கம்பெனியின் எண்ணைச் சொல்ல வேண்டும். ஏஎம்டிக்கு 1002. இன்டெல்லுக்கு 8086, 1978-இல் தான் வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பின் பெயரையே அது தன் எண்ணாக வைத்துக்கொண்டது. பதில் சொல்ல ஆளில்லாத முகவரியில் பதினாறு பிட்டிலும் 1 மட்டுமே வரும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, கார்டு பதில் சொல்கிறதா என்பதைத்தான். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் இருந்து, மேலே மஞ்சள் முக்கோணமும் உள்ளே 43 என்ற எண்ணும் தெரிந்தால், கார்டு 'உள்ளேன் ஐயா' சொல்லிவிட்டது. சிக்கல் பெரும்பாலும் டிரைவரில். சேஃப் மோடில் டிடியு என்ற இலவச மென்பொருளால் பழைய டிரைவரைத் துடைத்தெடுத்துவிட்டு, லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கென்று கொடுத்திருப்பதைப் போட வேண்டும். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று காட்டினாலும் இதே வைத்தியம்தான்.

மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லும்போது பெயர் மங்கலாக, 45 என்ற எண்ணோடு வருவது வேறு கதை. விண்டோஸுக்குப் பழைய ஞாபகம் இருக்கிறது. ஆள் இப்போது பேசவில்லை. அதற்காகச் செத்துவிட்டது என்று பொருளில்லை. அசுஸ் லேப்டாப்களின் ஆர்மரி கிரேட்டில் 'ஈகோ' என்ற மோடைத் தட்டினால் தனி கார்டு பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். சில மாடல்களில் பயாஸிலேயே இதற்கு அமைப்பு உண்டு.

அமைப்பில் குறையில்லையென்றால் அடுத்தது ரீஸ்டார்ட். இங்கே ஒரு வேடிக்கை. ஷட் டவுன் செய்து மறுபடி போடுவதைவிட ரீஸ்டார்ட்தான் முழுமையானது. விண்டோஸ் 8-இலிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஷட் டவுனின்போது கெர்னலின் நிலையை டிஸ்க்கில் சேமித்துவைத்து, மறுநாள் அதையே எடுத்து நீட்டுகிறது. நேற்றைய குழப்பமும் கூடவே வந்துவிடலாம். அதிலும் சரியாகவில்லையென்றால், சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் மசியாத கார்டுக்கு ஒரு நேர்மையான சோதனை இருக்கிறது: லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து ஓடவிட்டு, 'எல்எஸ்பிசிஐ' கட்டளையைக் கொடுப்பது. அங்கே பெயர் வந்தால் கோளாறு விண்டோஸ் பக்கம். அங்கேயும் வரவில்லை, பயாஸிலும் அணைத்து வைக்கவில்லை என்றால் போர்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அப்படிக் கூட்டமாகச் செத்த கார்டுகளும் உண்டு. சில லேப்டாப் சிப்கள் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாவதாக 2008 ஜூலையில் என்விடியா ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர்வரை ஒதுக்கியது. சிப்பையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் பொருள்கள் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகித் தளர்ந்துபோயின. 2011 மேக்புக் புரோவில் இருந்த ரேடியான் சிப்களும் ஏராளமாகத் தகராறு செய்ய, 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்தது. அதற்குள் பொறுமையிழந்த சிலர் மதர்போர்டைக் கழற்றி வீட்டு அவனில் வைத்துச் சூடாக்கினார்கள். கார்டு கண் விழித்தது; சில வாரங்களில் மறுபடி மூடிக்கொண்டது.