உங்களுக்குத் தெரியுமா? வானவடி மேசையில் ஒரு பகடைக் கணக்கு

புனே வானவடியில் ஒரு வீட்டுக் கூடம். மேசையைச் சுற்றி நான்கைந்து நண்பர்கள், கையில் சில பகடைகள். ஒருவர் கதையை நடத்துகிறார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுகிறார்கள், இக்கட்டான இடத்தில் பகடை முடிவு சொல்கிறது. 'டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்' என்பது இதுதான். அதற்கான விதிநூலை ஒருவரே எழுதி, கம்பெனி எதையும் நம்பாமல் தானே வெளியிட்டால் கையில் என்ன மிஞ்சும்? சிற்றிதழ் நடத்திப் பழகிய தமிழருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

முதல் விளையாட்டே சொந்தப் பதிப்புதான். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் வந்தபோது பெரிய பதிப்பாளர் யாரும் பின்னால் இல்லை. அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸும் நண்பர் டான் கேயும் கைக்காசைப் போட்டு டி.எஸ்.ஆர். என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அச்சுக்குப் பணம் போதவில்லை. பிரையன் புளூம் 2,000 டாலரோடு பங்காளியாகச் சேர்ந்த பிறகே பெட்டி அச்சேறியது. 1,000 பிரதி, விலை 10 டாலர். பெட்டிகளை வீட்டில் உட்கார்ந்து கையாலேயே அடுக்கினார்கள். ஓராண்டுக்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது.

விளையாட்டு விதிக்குக் காப்புரிமை கிடையாது. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970-இன் பிரிவு 3(எம்) விளையாடும் முறையைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. 1870-களில் இதே ஊரில் ஆங்கிலேய அதிகாரிகள் விதி வகுத்து ஆடிய, 'பூனா' என்றே அழைக்கப்பட்ட இறகுப்பந்தாட்டம் உலகமெங்கும் போனதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அப்படியானால் எழுதியவருக்கு எது சொந்தம்? அவருடைய வாக்கியங்கள், கதை, படம், வரைபடம். பதிப்புரிமை எழுதிய கணமே வந்துவிடுகிறது. பதிவு செய்துகொள்ள விரும்பினால் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். நடை நன்றாக இல்லாத விதிநூலில் காக்க வேண்டிய சொத்தே குறைவு என்பேன்.

அடித்தளம் இலவசம். 2023 ஜனவரியில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' உரிமையாளர்கள், அதன் விதிகளைப் பிறரும் பயன்படுத்தவிட்ட பழைய திறந்த உரிமத்தை மாற்றப்போகிறார்கள் என்ற வரைவு கசிந்தது. சிறு பதிப்பாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த மாதம் முடியும் முன்பே அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. பெயர் குறிப்பிட்டால் போதும், இன்று வானவடியில் இருப்பவரும் அதன்மேல் தன் விளையாட்டைக் கட்டி விற்கலாம். ராயல்டி இல்லை.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு நமக்குச் செலவில்லை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணம் வாங்காமல் தருகிறது. அமெரிக்காவில் ஒற்றை எண்ணுக்கு 125 டாலர்.

படத்துக்கு எங்கே போவது? சிறு விளையாட்டு நூலில் பெரும் செலவு ஓவியம்தான். ஓவியருக்கு உரிய கூலி கொடுக்க முடிந்தால் கொடுத்துவிட வேண்டும். முடியாத முதல் நூலுக்குப் புனே வட்டாரமே ஒரு கருவூலம். ராஜா ரவிவர்மா 1906-இல் மறைந்தார். படைப்பாளி மறைந்து 60 ஆண்டு கழிந்தால் நம் நாட்டில் பதிப்புரிமை தீர்ந்துவிடும். ஆகவே அவர் ஓவியங்கள் இன்று பொதுச்சொத்து. பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகம் பின்னால் இடம்பெயர்ந்தது லோனாவ்லா பக்கத்து மளவலிக்கு. அதற்கும் முந்தியது 1878-இல் புனேயில் தொடங்கிய சித்திரசாலா அச்சகம். அதன் பழைய கல்லச்சுப் படங்களில் கடவுளரும் மராட்டியர்களும் நிறைந்திருக்கிறார்கள். கதைக்களமும் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கிறது. 1794-இல் மராட்டியத் தளபதி மகாத்ஜி ஷிண்டே இறந்தது இந்த வானவடியில்தான். அவர் நினைவிடமான ஷிண்டே சத்ரியின் தரைப்படத்தை நோட்டுப் புத்தகத்தில் நாமே வரைந்துவிட்டால் சாகசத்துக்கான முதல் வரைபடம் தயார்.

பத்து டாலர் பி.டி.எஃப். விற்றால் எவ்வளவு வரும்? இந்தத் துறையின் பெரிய கடை டிரைவ்த்ரூஆர்.பி.ஜி. அங்கே மட்டும் விற்பதாக ஒப்புக்கொண்டால் 7 டாலர், வேறு கடைகளிலும் விற்றால் ஆறரை. இட்ச்.ஐஓ தளத்தில் கடையின் பங்கை விற்பவரே குறிக்கலாம். வழக்கமான 10 சதவீதத்தை விட்டுவைத்தால் 9 டாலர், அதில் பணப்பரிமாற்றக் கட்டணம் போகும். இனி மறுபக்கம். இத்துறையில் பிறருக்கு எழுதினால் சொல் கணக்கில் கூலி. சொல்லுக்கு 10 சென்ட் என்று வைத்துக்கொண்டால் 10,000 சொல்லுக்கு 1,000 டாலர். அதே உழைப்பைத் தன் நூலில் போட்டு ஆறரை டாலர் வீதம் திரும்ப எடுக்க 154 பிரதி விற்க வேண்டும். படத்துக்கும் பிழைதிருத்தத்துக்கும் மாதக்கணக்கில் ஆடிப் பார்த்த மாலைகளுக்கும் இதில் ஒரு காசுகூடச் சேர்க்கவில்லை. பிரதியின் விலையைக் குறைத்துக் கேட்கும் நண்பர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூட்டுநிதித் தளமான கிக்ஸ்டார்ட்டரில் இந்தியர் ஆதரவு தரலாம், நேரடியாகப் பணம் திரட்ட முடியாது. திட்டம் தொடங்க அனுமதியுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. வெளிநாட்டில் பங்காளியோ நிறுவனமோ வேண்டும். 2019 பிப்ரவரியில் அந்தத் தளம் தொடங்கிய 'ஜைன் குவெஸ்ட்', ஜைன் எனப்படும் மெல்லிய ஒருவண்ணப் புத்தகங்களுக்கென்றே நடந்த விழா. அந்தக் கதவு நம் எழுத்தாளர்களுக்கு அடைத்தே இருப்பது எனக்கு உண்மையான வருத்தம். பேபாலும் 2021 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டுப் பணத்தை வாங்குவதில்லை. டாலர் ஒரு வழியாக, ரூபாய் யு.பி.ஐ. வழியாக என்று இரண்டு கல்லாப்பெட்டி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மெல்லிய அச்சுப் பதிப்பு வரியைக் குறைக்கிறது. அச்சு நூலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அச்சுப் பிரதியும் உள்ள மின்னூலுக்கு 2018 ஜூலை முதல் 5 சதவீதம். அச்சே காணாத மின்னூலுக்கு 18. பலகை விளையாட்டுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆனது. ஆகவே நூலைத் தனியாக விற்பதா, பகடையும் அட்டையும் சேர்த்துப் பெட்டியாக விற்பதா என்பதைக் கணக்காளரிடம் கேட்டுவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். நம் பதிப்பாளர்கள் கைகண்ட, தேவைக்கேற்ப அச்சிடும் பி.ஓ.டி. முறையில் 50 பிரதி போட்டாலே போதும்.

விதியை இலவசமாகக் கொடுத்தும் சம்பாதிக்கலாம். 'மதர்ஷிப்' என்ற விளையாட்டு 2018-இல் சிறு ஜைனாக வந்தது. விதிநூலின் பி.டி.எஃப்.-க்கு விரும்பியதைக் கொடுக்கலாம். சாகசக் கதைகள் காசுக்கு. 2021-இல் அதன் பெட்டிப் பதிப்புக்குக் கிக்ஸ்டார்ட்டரில் 14 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது.

எடைதான் கடைசி எதிரி. கெட்டி அட்டை, 300 பக்கம், ஏ4 அளவு என்றால் நூல் ஒரு கிலோவைத் தாண்டும். இரண்டு ஃபாரம், அதாவது 32 பக்கம், ஏ5 அளவில் சென்டர் பின் அடித்தால், 100 ஜி.எஸ்.எம். தாளும் கொஞ்சம் கெட்டி அட்டையும் சேர்ந்து 65 கிராம் போல வரும். அஞ்சல் துறை பதிவு நூல் அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்தியபோது சிறு பதிப்பாளர்கள் தவித்துப் போனார்கள். 2025 மே 1-இல் 'ஞான் போஸ்ட்' வந்தது: 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கான சேவை என்பதால், கதை விளையாட்டு நூலை முதல் தடவை அஞ்சலகத்தில் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. ஒப்புக்கொண்டால் வானவடியிலிருந்து மதுரைக்கு ஒரே உறையில் நான்கு பிரதி போகும்: ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் நான்கு பேருக்கும் ஆளுக்கொன்று.